மன்னிப்பு சரி, சீட்டுப் பணம்?

கேள்வி: ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். ஒரு நாள் கூலி 400 ரூபாய். நாத்தனார் பிடித்த சீட்டில் மாதம் 2,000 வீதம் 24 மாதம் கட்டினேன். சீட்டு முடிகிற நேரத்தில் அவள் ஊரைவிட்டே போய்விட்டாள். இப்போது இரட்சிக்கப்பட்டு வந்திருக்கிறாள். சபையில் சாட்சி சொல்லும்போது, “ஆண்டவர் என் பாவத்தையெல்லாம் மன்னித்துவிட்டார், அண்ணியும் மன்னிக்க வேண்டும்” என்று அழுதாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டால், “ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே அம்மா” என்கிறார் பாஸ்டர். அவள் மகன் பிளஸ் டூவில் ஃபெயிலானபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்படியென்றால் நான்தான் பாவியா?

— பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: சகோதரி, பாஸ்டர் சொன்னது மத்தேயு 18-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம். அதே பக்கத்தில் ஏழு வசனம் மேலே போய்ப் பாருங்கள். சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கும்போது போய் அவன் குற்றத்தை உணர்த்து என்று இருக்கிறது. கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறமும் கேட்கவில்லையா, சபைக்குச் சொல். ஆக, பணத்தைக் கேட்கப் போவது விசுவாசக் குறைவு இல்லை. உங்கள் நாத்தனார் வரிசையைத் தலைகீழாக்கி நேரே சபைக்குப் போய்விட்டார். மைக் முன்னால் அழுதுவிட்டால் தனியாக உட்கார்ந்து பேசவேண்டியதில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

ஏழெழுபதைச் சொன்ன கையோடு இயேசு சொல்லும் கதையும் கணக்குப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ராஜாவுக்குக் கடன்பட்டவன் பதினாயிரம் தாலந்து பாக்கி வைத்திருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. லீவே போடாமல் நீங்கள் தைத்தாலும் ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். ராஜா அதை விட்டுக்கொடுக்கிறார். ஆனால் கணக்குப் பார்த்துத் தொகை தெரிந்த பிறகு, அவன் காலில் விழுந்து “எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று சொன்ன பிறகு. வெளியே வந்தவன் தன்னோடு வேலை செய்கிறவனைக் கழுத்தைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்காக. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பிரசங்கத்தில் இதைச் ‘சொற்பம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கூலிக்காரனுக்கு நூறு நாள் சம்பளம் சொற்பமா? உங்கள் 48,000 என்பது 120 நாள். அதைச் சொற்பம் என்று சொல்ல உங்களைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை, பாஸ்டருக்கும் சேர்த்துத்தான்.

வரி வசூலித்த சகேயுவையும் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று இயேசு அவனிடம் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அவனாகவே எழுந்து நின்று, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்ற வார்த்தை அதற்கு அப்புறம்தான் வருகிறது. உங்கள் நாத்தனாரிடம் நாலத்தனை வேண்டாம். வட்டியைக்கூட விடுங்கள்.

என் அப்பா காட்பாடியில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடன் நோட்டில் ஆளுக்கொரு பக்கம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, கடை அடைக்கிற நேரத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்து, “340 நிக்குதுண்ணே, கையில 20தான் இருக்கு” என்றார். அப்பா அந்த இருபதை வாங்கி வரவு வைத்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். இன்னொருவர் இருந்தார். அப்பாவின் தங்கமான மனசைத் தெருவெல்லாம் புகழ்வார். தன் பாக்கி எவ்வளவு என்று மட்டும் சொல்லமாட்டார். கடையை மூடும்வரை அவர் பக்கத்தில் கோடு விழவே இல்லை.

ஆகவே நாத்தனாரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: “எவ்வளவு தரணும்?” நாற்பத்தெட்டாயிரம் என்று அவர் வாய் சொல்லட்டும். மாதம் ஆயிரம் வீதம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வழியே இல்லை என்று தெரிந்து விட்டுக்கொடுக்க மனசு வந்தால் விட்டுக்கொடுங்கள். அது உங்கள் இஷ்டம். சபை சொல்லிச் செய்வதல்ல.

இனி உங்கள் விஷயம். அந்தப் பையன் ஃபெயிலான வரியை முதலில் எழுதி, அடித்துவிட்டு, மறுபடி மேலே எழுதியிருக்கிறீர்கள். எழுதியது நல்லதே. ஆனால் அவன் சீட்டு பிடிக்கவில்லை. அம்மா ஊரைவிட்டுப் போனபோது அவன் பத்தாவதோ என்னவோ படித்துக்கொண்டிருந்திருப்பான். எந்தப் பள்ளிக்கூடத்தில், யார் வீட்டுச் சோற்றில் என்று யோசித்தீர்களா? நாத்தனாரிடம் உங்களுக்கு வரவேண்டியது இருக்கிறது. அவனிடம் ஒரு பைசா இல்லை. இதில் நாத்தனாரையும் பாஸ்டரையும் இழுக்காமல் நீங்களே ஆண்டவரிடம் பேசிக்கொள்ளுங்கள். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று தினம் சொல்கிற ஜெபத்தில் அவன் பெயர் கடனாளிப் பக்கத்தில் வரவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள். வார நாளில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியதும், தனியாகப் போங்கள். பையன் வீட்டில் இருந்தால், துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டானா என்று முதலில் கேளுங்கள். சீட்டுப் பேச்சை அவன் வெளியே போன பிறகு எடுங்கள்.