பேரப்பிள்ளைகளிடம் பழைய கதையை எப்போது சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 72. திருச்சி உறையூரில் வாழ்ந்தவன். 1974-இல் தந்தி அலுவலகத்தில் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெற்றேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் மனைவி காலமானபின் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்கு 7 வயது, பேரனுக்கு 4 வயது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எங்கள் குடும்பத்தைப் பற்றியும், 1977 வெள்ளத்தைப் பற்றியும், அவர்களுடைய பாட்டியைப் பற்றியும் சொல்லத் தொடங்குவேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறார்கள். பாட்டி இறந்ததைச் சொன்ன அன்று பேத்தி தூங்காமல் அழுததால், இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா? எனக்குப் பின் இந்தக் குழந்தைகளுக்கு எங்கள் வீட்டு மனிதர்கள் யாரையுமே தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, நோட்டில் எழுதுங்கள், ஆனால் ஒதுங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் கதைகளில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவற்றுக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் நேரமும், உட்காரவைத்துச் சொல்லும் முறையும்தான் பொருந்தவில்லை. நாள் முழுவதும் பள்ளியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்த குழந்தையை இரவில் மறுபடியும் உட்காரவைத்தால், அதை அவள் இன்னொரு வகுப்பாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

இடம் கருதி இங்கே சுருக்கியிருக்கும் உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், போகிற போக்கில் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறீர்கள். காலையில் வேன் வரும்வரை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் கால் மணி நேரம் நிற்கிறீர்கள். மாலையில் மருமகள் வேலையிலிருந்து திரும்புமுன், பேரனை எதிரே உட்காரவைத்துக்கொண்டு முருங்கைக்கீரையை உருவி வைக்கிறீர்கள். அவனும் ஒவ்வொரு இலையாகப் பிய்த்து முறத்தில் போடுகிறான். இவற்றை நீங்கள் வீட்டு வேலைக் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில், உங்கள் குடும்பக் கதை முழுவதையும் சொல்வதற்கான இடம் அந்த முறமும் அந்தத் தெருமுனையும்தான்.

என் தாத்தா வெற்றிலை போடும்போது காம்பைக் கிள்ளி என் கையில் கொடுப்பார். ஒரு நாள் காம்பைக் கிள்ளிக்கொண்டே, தன் தங்கையும் இப்படித்தான் காம்புக்குக் கை நீட்டுவாள் என்றும், எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றும் சொன்னார். இரண்டே வாக்கியங்கள். அவர் திண்ணையில் உட்காரவைத்துச் சொன்ன கதைகளில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. ஆனால் நான் பார்த்தேயிராத அந்தச் சிறுமியை, வெற்றிலையைக் காணும்போதெல்லாம் நினைக்கிறேன். கையில் ஒரு வேலை இருக்கும்போது சொல்லப்படுவது அந்த வேலையோடு சேர்ந்து மனத்தில் தங்கிவிடுகிறது என்பதை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன்.

ஆகவே கீரை உருவும்போது, ‘உன் பாட்டி காம்போடு சேர்த்து உருவ மாட்டாள், இப்படித் தனித்தனியாகத்தான் எடுப்பாள்’ என்று ஒரு வரி சொல்லுங்கள், அதற்குமேல் சொல்லாதீர்கள். அவன் ‘ஏன்?’ என்று கேட்டால் அடுத்த வரியைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கீரையைத் தொடருங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு ‘ஐம்பது வருடத்துக்கு முன்பு’ என்பதும் ‘நேற்று’ என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். காலத்தை அவனுக்கு விளக்க முயல வேண்டாம். நாளைக்கும் அதே வரியை அவன் கேட்டால், அதே சொற்களில் சொல்லுங்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் அந்த வயதுப் பிள்ளைகள் திருத்துவார்கள். அப்படித் திருத்துகிற அன்றைக்கு அந்தக் கதை அவனுடையதாகிவிட்டது என்று நீங்கள் மகிழலாம்.

பேத்தியின் வயது வேறு. அவளுக்கு அளவும் விவரமும் வேண்டும். வெள்ளத்தைச் சொல்லும்போது நகரத்தின் சேதத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதை விடுத்து, கூடத்தில் உங்கள் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உயரத்தைக் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடாகப் போட்டு, அவளை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கோடு அவள் கழுத்துக்கோ வாய்க்கோ வரும். பிறகு உங்கள் அம்மா அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறியதைச் சொல்லுங்கள். மாடியில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், மாடு என்ன ஆயிற்று என்றெல்லாம் அவளே கேட்பாள். 1977 நவம்பரில் திருச்சிக்கு என்ன நேர்ந்தது என்பதை அவள் பிற்பாடு எங்கேயும் படித்துக்கொள்ளலாம். அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

தெருமுனையில் நிற்கும் கால் மணி நேரத்துக்கு உங்கள் தொழிலே கைகொடுக்கும். எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தந்தியில் அனுப்பும் மோர்ஸ் முறையில் எஸ் என்ற எழுத்துக்கு மூன்று புள்ளி, ஓ என்ற எழுத்துக்கு மூன்று கோடு என்பதை அவள் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். தன் பெயரைத் தட்டக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் போதும். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே தெருவில் பெண்கள் அழத் தொடங்கியதையும், தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வாழ்த்து வாசகங்கள் எண்களாகப் போய் மறுமுனையில் சொற்களாக மாறியதையும் அந்தத் தட்டலோடு சேர்த்துச் சொன்னால், தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பது அவளுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்களான மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் அவரவர் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டு ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெயர் எப்படி வந்தது என்பன போன்ற எளிய கேள்விகள் அவை. விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. ஆனால் விடைகளை மனப்பாடம் செய்விப்பதால் அந்தப் பலன் வராது. வீட்டில் கூடிச் சாப்பிட்டுக் கூடிப் பேசும் பழக்கத்திலிருந்தே அது வருகிறது என்பதையும் அவர்கள் வற்புறுத்தினார்கள். உன் பெயர் எப்படி வந்தது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. பேரன் என்ற சொல்லே, தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்ற பொருளில் பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கும் குழந்தையைச் சங்கப் பாடல் ஒன்று ‘தந்தை பெயரன்’ என்றே குறிப்பிடுகிறது. உங்கள் பேரனுக்குப் பள்ளியில் வேறு பெயர் இருந்தாலும், பெயர் சூட்டிய நாளில் காதில் மூன்று முறை சொன்னது உங்கள் தகப்பனாரின் பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவனிடம் சொல்லிவிட்டீர்களா?

இனி, மருமகளின் கவலைக்கு வருகிறேன். அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. படுக்கப் போகும் நேரத்தில் மரணத்தைப் பற்றிக் கேட்ட குழந்தை இருட்டில் தனியாக அதைச் சுமக்க நேர்கிறது. ஆகவே இரவில் வேண்டாம் என்று நீங்களே முன்வந்து அவரிடம் சொல்லுங்கள். அதே சமயம் பாட்டியைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. பாட்டி போனபோது பேத்திக்கு ஐந்தரை வயது; அவளுக்குப் பாட்டியின் மடியும் குரலும் நினைவிருக்கும். அதைப் பற்றி வீட்டில் யாருமே பேசாவிட்டால், பேசக்கூடாத ஏதோ ஒன்று நடந்துவிட்டதாக அவள் எண்ணிக்கொள்வாள். அவள் கேட்டால், பாட்டியின் உடம்புக்கு முடியாமல் இதயம் நின்றுவிட்டது, இனி வர மாட்டாள், எனக்கும் அவளைத் தேடுகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். தூங்கிவிட்டாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; தூங்குவதற்கும், அப்பா ஊருக்குப் போவதற்கும் குழந்தை பயப்பட அதுவே காரணமாகலாம்.

பேரனின் நிலை வேறு. பாட்டி மறைந்தபோது அவனுக்கு இரண்டரை வயது. ஏறக்குறைய மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலானோருக்கு நினைவில் நிற்பதில்லை. அவனுக்குப் பாட்டி என்றால் சுவரில் மாலையும் பொட்டும் வைத்த படம்தான். அந்தப் படத்தில் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எனவே வடகம் பிழியும் படமோ, கோலத்தின் முன் நிற்கும் படமோ, எதுவானாலும் அவர் நடமாடும் ஒரு படத்தைக் குழந்தைகளின் கண் உயரத்தில் வையுங்கள். தம்பிக்குப் பாட்டியைப் பற்றிச் சொல்லும் பொறுப்பைப் பேத்தியிடம் கொடுங்கள். அவள் தவறாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டாம்.

நோட்டைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் சிலவே. ஒரு பக்கத்தில் ஒரு மனிதரைப் பற்றியோ ஒரு நிகழ்ச்சியைப் பற்றியோ மட்டும் எழுதுங்கள். வரலாறு போலத் தொடர்ச்சியாக எழுதத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். பழைய ஸ்டுடியோ படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர், உறவு, ஊர், ஆண்டு நான்கையும் குறித்துவிடுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். மிக முக்கியமாக, பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று ஆண்களின் வரிசையை நம் வீடுகளில் எப்படியாவது காப்பாற்றிவிடுகிறோம். ஆனால் பூட்டியின் பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் எது என்று கேட்டால் பல குடும்பங்களில் பதில் சொல்ல ஆளில்லை. என் குடும்பத்திலும் இல்லை, அது எனக்குத் தீராத வருத்தம். உங்கள் அம்மாவின் அம்மா பெயர் உங்களுக்குத் தெரியுமானால் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. தந்திச் சேவையின் இறுதி நாளான 2013 ஜூலை 14 அன்று உங்கள் மனைவிக்கு நீங்கள் அனுப்பிய தந்தியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பேத்தி இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவளுக்கு வரும். விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில், மருமகளும் உடனிருக்கும்போது அந்தக் காகிதத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுங்கள். நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். பாட்டியின் பெயரை அவளே கண்டுபிடிக்கட்டும்.