பதக்கம் வாங்கிய ஐரிஸ் மலைநாட்டில் பூக்குமா?

கேள்வி: நுவரெலியா ஏப்ரல் சீசனில் மலர்க் கண்காட்சி பார்த்ததிலிருந்து ஐரிஸ் பூ மேல் ஆசை. அமெரிக்காவில் ஐரிஸுக்கான உயர்ந்த பரிசான டைக்ஸ் பதக்கம் வாங்கிய 'டஸ்கி சேலஞ்சர்' வகையின் கிழங்கை, வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. அந்த நாவற்பழ நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் எதைப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள், எந்த ஊரில் கொடுத்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

கண்காட்சி மேசையில் இருப்பது வெட்டிய ஒரு தண்டு. அன்று காலை எத்தனை பூ விரிந்திருக்கிறது, இதழ் கசங்காமல் இருக்கிறதா என்பது தெரியும். செடி எத்தனை கன்று விட்டது, மழையில் அழுகுமா என்பது தெரியாது. டைக்ஸ் பதக்கம் அப்படியல்ல. தோட்டத்தில் வளரும் செடியைப் பார்த்து நடுவர்கள் வாக்களிப்பார்கள். டஸ்கி சேலஞ்சர் 1986இல் விற்பனைக்கு வந்தது, பதக்கம் 1992இல்தான். அதனால் வாங்குபவர்கள் நம்புகிறார்கள், நர்சரிக்காரர்களும் அதையே பெருக்குகிறார்கள். அந்த நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் அந்தத் தோட்டங்கள் இருப்பது குளிர்காலம் உள்ள ஊர்களில்.

டஸ்கி சேலஞ்சர், கீழிதழில் தாடி போல மயிர் உள்ள தாடி ஐரிஸ் இனம். அந்த இனத்தில் பெரும்பாலான வகைகளுக்கு மொட்டு வைக்கப் பல வாரக் குளிர் வேண்டும். நுவரெலியாவில் தை மாதம் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், வெயில் ஏறினால் போய்விடும். அது போதாது. நானே ஒரு பதக்கக் கிழங்கை நட்டு மூன்று வருடம் காத்திருந்தேன். இலை விசிறி போல நன்றாக விரிந்தது, பூ மட்டும் வரவில்லை. மூன்றாம் வருட ஆடி மழையில் கிழங்கைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் கூழ், ஒரே நாற்றம்.

உங்களுக்கு நான் சொல்வது லூசியானா ஐரிஸ். மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் சதுப்பு நிலப் பூ அது. ஈரமும் அமில மண்ணும் அதற்குப் பிடிக்கும். நம் தேயிலை மண் அமில மண்தானே. பரிசு பார்த்துத்தான் வாங்குவேன் என்றால், லூசியானா வகைக்கென்றே உள்ள மேரி ஸ்வோர்ட்ஸ் டிபெய்லன் பதக்கம் பெற்றவற்றைத் தேடுங்கள்.

அப்புறம், எந்தக் கிழங்கையும் தம்பி பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

அடுத்த ஏப்ரலில் கண்காட்சிக்குப் போனால், பரிசு அட்டையைப் பார்த்த கையோடு வளர்த்தவரைத் தேடிப் பிடித்து, "இது நிலத்தில் எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் மூன்று மழைக்காலம் தாண்டிய செடி என்றால், கன்று பிரிக்கும்போது ஒன்று தரச் சொல்லி அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.