தலைக்கு ரத்தம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது?

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. குரல்வளை மேட்டுக்குப் பக்கவாட்டில் விரலை மெதுவாக வைத்தால் துடிப்பு தெரியும். அதுதான் கரோட்டிட் தமனி, கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கிட்டத்தட்ட அந்த உயரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை மூளைக்கு, இன்னொன்று முகத்துக்கும் உச்சந்தலைக்கும். அப்புறம், கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இன்னொரு ஜோடித் தமனிகளும் மூளைக்கு ஏறுகின்றன.

எதற்கு நான்கு பாதைகள்? உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளைக்கு, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் தேவை. சில நிமிடம் நின்றாலே மூளை செல்கள் சாகத் தொடங்கும். அதனால்தான் இந்த நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஊரைச் சுற்றிய வட்டச்சாலை மாதிரி, ஒரு வழி அடைபட்டால் மறு வழியில் ரத்தம் வரலாம். ஆனால் பலருக்கு இந்த வளையம் முழுமையாக இருப்பதில்லை. இதை மறக்கக் கூடாது.

திரும்பும் ரத்தம் பெரும்பாலும் கழுத்தின் ஜுகுலர் சிரைகள் வழியாக இறங்குகிறது.

தலைகீழாக நின்றால் மூளைக்கு அதிக ரத்தம் பாயும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. முகம் சிவப்பது ரத்தம் சிரைகளில் தேங்குவதால்தான், மூளைக்குள் போகும் அளவை அங்குள்ள சிறு தமனிகள் சுருங்கி விரிந்து ஏறத்தாழ ஒரே சீராக வைத்துக்கொள்கின்றன.