கடற்காற்று எழும் முன்: முதல் ஆர்சி விமானம் பற்றிச் சில கேள்விகள்

தென்பெண்ணைக் கரையில் ஞாயிறு காலை நாங்கள் ஆர்சி விமானம், அதாவது ரேடியோவால் இயக்கும் மாடல் விமானம், விடுவதைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஒன்று வேண்டும், எது வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. எழுதி அனுப்புங்கள், ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன் என்றேன். எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது, கடை கடலூர் முதுநகரில். விமானம் பதினான்கு வருடப் பைத்தியம். கேள்விக்குப் போகும் முன் இரண்டு விஷயம். மேஜையில் வைத்து எதைச் சோதித்தாலும் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். புது ஆள் காலை ஒன்பது மணிக்கு மேல் பறக்கவிட வேண்டாம். சரி, ஆரம்பிக்கலாம்.

மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவர்: அண்ணே, பத்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். போர் விமான மாடல் ஒன்று பார்த்தேன், செமையாக இருக்கிறது. அதையே வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. பார்க்க நன்றாக இருக்கும், பத்து வினாடி.

முதல் விமானத்துக்கு இறக்கை உடம்பின் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். இறக்கையின் இரண்டு நுனியும் லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஒரு பக்கம் சாய்ந்ததும் விமானம் அந்தப் பக்கமாக வழுக்கும், கீழே போன இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், தானாகவே நிமிரும். நீங்கள் பதறி ஸ்டிக்கைத் தப்பாகத் தள்ளினாலும், கையை எடுத்துவிட்டால் அதுவே சமாளித்துக்கொள்ளும். போர் விமான மாடல் இப்படி மன்னிக்காது. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும்.

இறக்கை நீளம் ஒரு மீட்டருக்கு மேல், 1.2 வரை இருக்கட்டும். மொத்த எடை 700 முதல் 900 கிராம். வளைந்து கொடுக்கும் ஈபிஓ ஃபோமில் செய்தது. மோட்டார் மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருக்கிற வகை கிடைத்தால் இன்னும் நல்லது, மூக்குக் குத்தினாலும் மோட்டார் பிழைக்கும்.

பணத்தைப் பிரிக்கும் விதம்தான் முக்கியம். பாதியை ரேடியோவுக்கு, அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு, வையுங்கள். ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆறு சேனல் (ஆறு தனித்தனிக் கட்டளை அனுப்பும்) ரேடியோ ஒன்று வாங்கினால், விமானம் ஐந்து உடைந்தாலும் அது கையில் இருக்கும். அடுத்தது பேட்டரி, சார்ஜர். மிச்சத்தில் விமானம். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கிற விமானத்தை வாங்கிவிட்டு, கூட வந்த பொம்மை ரிமோட்டை வைத்துக்கொண்டு அழுகிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: மோட்டாரில் 1000 கேவி, 2200 கேவி என்று போட்டிருக்கிறதே, அதிகம் இருந்தால் பவர் அதிகமா?

என் கடைச் சமாச்சாரத்தைக் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளும்.

கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது. 1000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 11,100 சுற்று. உள்ளே ஒவ்வொரு இரும்புப் பல்லிலும் எத்தனை சுற்று கம்பி கட்டியிருக்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. சுற்றைக் குறைத்துக் கனமான கம்பி கட்டினால் கேவி ஏறும், கூடக் கட்டினால் இறங்கும். வேகமும் முறுக்குவிசையும் எதிரெதிர். கேவி கூடினால் சின்ன ப்ரொப்பைப் படுவேகமாகச் சுற்றும், குறைந்தால் பெரிய ப்ரொப்பை நிதானமாக இழுக்கும். பயிற்சி விமானத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். 2212 அளவு, 1000 கேவி, 10க்கு 4.5 அங்குல ப்ரொப், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 3எஸ் (மூன்று செல், 11.1 வோல்ட்) 2200 எம்ஏஎச் பேட்டரி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

போன மாதம் ஒரு பையன் மோட்டார் கொண்டுவந்தான். அதே 2212, ஆனால் 2200 கேவி. அதில் 10 அங்குல ப்ரொப்பை மாட்டி, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக்கை) முழுசாக ஏற்றியிருக்கிறான். நாற்பது வினாடியாம். மோட்டாரின் சுற்றும் வெளிக்கூட்டைக் கழற்றினேன். காயில் எல்லாம் கருகி, விரலால் தொட்டால் வார்னிஷ் பொடியாக உதிர்கிறது. கடை முழுக்க அந்தத் தீய்ந்த வாடை. அந்த மோட்டாருக்கு 6 அங்குல ப்ரொப்தான் தாங்கும். மோட்டார்மேல் தப்பே இல்லை.

நெல்லிக்குப்பம்: ட்ரோன் வாங்கினால் கேமராவும் சேர்ந்து வருமே?

வரும். ஆனால் கையை விட்டால் ட்ரோன் அதுவே நிற்கும், விமானம் நிற்காது. இரண்டும் வேறு வித்தை. இங்கே விமானம் மட்டும்.

லாஸ்பேட்டை: வீட்டு மொட்டை மாடியிலிருந்து கையால் வீசிப் பறக்கவிடலாமா?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஐயா புதுச்சேரி விமான நிலையமே இருக்கிறது! 2021 ட்ரோன் விதிகளில் நம் ஃபோம் விமானமும் அடங்கும். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை, முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமே கிடையாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம். அதற்கு வெளியே, சிவப்பு மஞ்சள் எதுவும் குறிக்காத இடத்தில் 400 அடி. 2 கிலோவுக்குள் இருப்பதைப் பொழுதுபோக்குக்காக ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாகூர்ப் பக்கம் வாருங்கள். சம்பா அறுத்த வயலில் தாள் மெத்தை மாதிரி இருக்கும், விழுந்தாலும் வலிக்காது.

வில்லியனூர், பள்ளி ஆசிரியை: மகனுக்கு 12 வயது. விமானத்தில் போடும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வெடிக்கும் என்கிறார்களே சார்?

பயப்பட வேண்டாம்மா, ஆனால் மரியாதை கொடுக்க வேண்டும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பறந்து இறங்கும்போது 3.5க்குக் கீழே போயிருக்கக் கூடாது. எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். 2200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், அவசரம் என்று கூட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது யாராவது அதே அறையில் இருக்க வேண்டும். மெத்தைமேல் வேண்டாம், சிமெண்டுத் தரையில் வையுங்கள். அப்பளம் மாதிரி உப்பிவிட்டால் அதன் கதை முடிந்தது, வீட்டில் வைக்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் புதுசு என்று சொல்லி உப்பலையே விற்றார்கள், அதனால் வாங்கும்போதே தடவிப் பாருங்கள்.

பேட்டரியைவிட மகனுடைய விரலுக்குத்தான் ஆபத்து அதிகம். மேஜையில் ப்ரொப் இருக்கவே கூடாது. ரேடியோவை முதலில் ஆன் செய்து, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. அணைக்கும்போது பேட்டரி முதலில்.

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்றவர், முன்பு என்சிசி வான்பிரிவில் மாடல் விமானம் கற்பித்தவர்: ஃபோமை வாங்கி உடைத்துக் குப்பையில் போடக் கற்றுக்கொடுக்கிறீர்கள். பால்சா என்ற இலேசான கட்டையில் தானே ஒட்டிக் கட்டாதவனுக்கு விமானம் எப்படிப் புரியும்? எரிபொருளில் ஓடும் க்ளோ இன்ஜின் சத்தத்தையாவது கேட்டிருக்கிறார்களா இந்தப் பிள்ளைகள்?

வணக்கம் ஐயா. ஆமணக்கெண்ணெய் கலந்த அந்தப் புகை வாசம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த எரிபொருளுக்கு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் இந்தப் பையன் எங்கே தேடுவான்? இரண்டு மாதம் கட்டின பால்சா முதல் நாளே மூக்குக் குத்தினால் இரண்டு மாத உழைப்பும் போச்சு, பையனும் போனான். ஃபோம் என்றால் வயல் வரப்பிலேயே பசை போட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி ஏற்றலாம்.

அவரே: பசை! தெர்மாகோலில் ஃபெவிக்விக் ஊற்றிக் கரைத்துவிட்டு முழிக்கிறான் ஒருவன், நேற்றுப் பார்த்தேன். பொருளைத் தெரியாமல் பறக்கவிடுவதால் வருகிற கோளாறு.

ஃபெவிக்விக் ஈபிஓவில் ஒட்டும், தெர்மாகோலைத்தான் கரைக்கும் ஐயா. ஆனால் அது அவனுக்குத் தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் உங்கள் கட்சி. புரிகிறது.

பாகூர்: பெரியவர் சொல்வதுதான் சரி அண்ணே. நான் எல்லாம் மாட்டியே வந்த விமானம் வாங்கினேன். விமானத்தை ஏற்றி இறக்கும் வால் பலகை இருக்கிறதே, எலிவேட்டர், அதன் கம்பி கழன்றிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஏறியது, இறங்கவில்லை, பனைமரத்தில் போய் நின்றது.

குறிஞ்சிப்பாடி: அப்படியென்றால் நான் பால்சா வாங்கவா, ஃபோம் வாங்கவா?

கொஞ்சம் பொறுங்கள். பனைமரத்துக்காரருக்குப் பெரியவர் சொன்ன மருந்து சரி, அளவுதான் கூடிவிட்டது. ஃபோமை வாங்குங்கள், ஆனால் பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவையும் கம்பியையும் இஎஸ்சியையும் நீங்களே மாட்டுங்கள். பறக்கும் முன் ஸ்டிக்கை அசைத்து, ஒவ்வொரு பலகையும் சரியான திசையில் அசைகிறதா என்று பாருங்கள். ரேடியோவை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும். சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஃபெயில்சேஃப் என்று பெயர், அதை அமைக்காத விமானம் இருந்த வேகத்திலேயே ஊருக்குள் போகலாம். இதைச் சோதிக்கும்போது ப்ரொப் எங்கே இருக்கும்? கழற்றி, பெட்டியில்.

அப்புறம் எடைநடு. இறக்கை அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன் விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டரில் அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தொங்கினால் வீசாதீர்கள், பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

முத்தியால்பேட்டைப் பெரியவர்: இதைத்தான் நான் நாற்பது வருடமாகச் சொன்னேன். ஆனால் இறக்கையில் அசையும் பலகையான அய்லெரான் இல்லாத மூன்று சேனல் பொம்மையைப் பழகினால் கை கெட்டுப்போகும்.

கெடாது ஐயா. இரண்டாவது விமானத்தில் பழகிக்கொள்வான். முதல் விமானத்தில் ஏறுவதும் திரும்புவதும் இறங்குவதும் போதும்.

குறிஞ்சிப்பாடி: அப்போ பால்சா வேண்டாமா?

ஃபோம். ஃபோம். ஃபோம்.

அரியாங்குப்பம்: ரேடியோவில் மோட் 1, மோட் 2 என்கிறார்களே?

மோட் 2 என்றால் த்ராட்டில் இடது கையில், எலிவேட்டர் வலது கையில். மோட் 1இல் இவை இடம் மாறும். உங்களுக்குச் சொல்லித்தரப்போகிறவர் எதை ஓட்டுகிறாரோ அதை வாங்குங்கள், ஆபத்தில் ரேடியோவைப் பிடுங்கிக் காப்பாற்றப்போவது அவர்தான். தென்பெண்ணைக் கரையில் நாங்கள் மோட் 2.

பண்ருட்டி: நல்ல ட்ரோன் ஒன்று சொல்லுங்களேன்.

நெல்லிக்குப்பத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேவனாம்பட்டினம்: சில்வர் பீச் என் வீட்டு வாசலில்தான். சாயங்காலம் அங்கேயே பழகலாமா? எத்தனை நிமிடம் பறக்கும்?

நான் சொன்ன அந்தப் பேட்டரியில் எட்டு நிமிடம் சுமாராகப் பறக்கும். கடற்கரையில் மூன்று தொல்லை. சாயங்காலம் கூட்டம். மணலில் கலந்திருக்கும் கறுப்பு இரும்புத்துகள் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கரகரவென்று அரைக்கும், உப்பு பேரிங்கைத் தின்னும். அப்படி வந்த மோட்டார் என் கடையில் ஒரு டப்பா நிறைய கிடக்கிறது. மூன்றாவது காற்று. விடியலில் தரைக்காற்று மெதுவாகக் கடலைப் பார்த்துப் போகும், இலைகூட அசையாது. முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று திரும்பி வீச ஆரம்பிக்கும். ஆடியில் கேட்கவே வேண்டாம், அம்மியே பறக்கும் என்கிறார்கள், 800 கிராம் ஃபோம் எம்மாத்திரம்? ஆறு மணிக்கு ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

முதுநகர், பள்ளி மாணவர்: மாமா, விமானம் போகும்போது சரியாகத் திருப்புகிறேன். என்னைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழாகிவிடுகிறதே?

எல்லாருக்கும் அதுதான் கண்டம். எதிரே வரும்போது இடம் வலம் என்று யோசிக்காதே. எந்த இறக்கை கீழே சாய்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, சரிகிற பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போல. நிமிர்ந்துவிடும். கணினியில் பிகாசிம் என்ற விமானப் பயிற்சி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும், அதில் இதை மட்டும் தினம் அரை மணி பழகு. கேபிள் வழியாக உன் ரேடியோவையே கணினியில் இணைத்துக்கொண்டால் கைக்கு நன்றாகப் படியும். அங்கே நூறு முறை விழுந்தாலும் காசு கிடையாது.

விழுப்புரம்: ட்ரோனா, விமானமா, எது நல்லது?

ஐயா, வணக்கம். அடுத்தவர்.

முத்தியால்பேட்டைப் பெரியவர்: பரணில் என் பழைய பால்சா பயிற்சி விமானம் ஒன்று கிடக்கிறது. இன்ஜினைக் கழற்றிவிட்டு உங்கள் கரண்ட் மோட்டாரை மாட்ட முடியுமா? சும்மா கேட்கிறேன்.

முடியும் ஐயா. இறக்கை நீளத்தையும், டேங்க் இல்லாமல் வெறும் எடையையும் குறித்து அனுப்புங்கள், மோட்டார் நான் பார்த்துச் சொல்கிறேன். இன்ஜினின் எடை போனால் மூக்கு லேசாகிவிடும், பேட்டரியை எண்ணெய் டேங்க் இருந்த இடத்துக்கும் முன்னால் வைக்க வேண்டியிருக்கும். இன்ஜின் மாட்டியிருந்த ஃபயர்வால் பலகையில் எண்ணெய் ஊறியிருந்தால் அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள், பசை பிடிக்காது. ஞாயிறு கொண்டுவாருங்கள், எடைநடுவைச் சேர்ந்தே பார்ப்போம். ப்ரொப் வேண்டாம், அதை நான் எடுத்துவருகிறேன்.