கை நடுக்கம் இல்லாதபோதும் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள், வீட்டில் நம்ப மறுக்கிறார்கள். இனி எப்படிச் சமாளிப்பது?

உங்கள் கேள்வியில் வீட்டார் நம்ப மறுப்பதைப் பற்றிய பகுதிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் இன்னும் வேலையில் இருப்பவர், இரவில் தூக்கம் வராமல் இந்நோயைப் பற்றிக் கண்டதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கும் நடுக்கம் கிடையாது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயை விவரித்தபோது நடுக்கத்தையே முன்னிறுத்தினார்; இருநூறு ஆண்டுகள் கழிந்தும் ஊர் உலகம் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு நோய் முதலில் எழுத்தில்தான் தெரிந்தது. வரியின் தொடக்கத்தில் வழக்கமான அளவில் இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்தது போலச் சுருங்கிவிடும். கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பியபோது, அதைப் போட்டவன் நான்தான் என்று நானே வாதாட வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவர் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். நடக்கவிட்டு, வலக்கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வருவதைக் கவனித்தார். பல ஆண்டுகளாக வாசனை தெரியாமல் போயிருந்ததும், விடாத மலச்சிக்கலும், தூக்கத்தில் கத்திக்கொண்டே கைகால்களை வீசியதும் ஒரே நோயின் முன்னோடிகளாக இருக்கலாம் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நடையும் எழுத்தும் போனதைவிட முகம் போனதுதான் எனக்கு வலித்தது. முகத் தசைகள் இறுகி, கண் இமைப்பது குறைந்து, உள்ளே எவ்வளவு மகிழ்ந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. குடும்ப விழா ஒன்றில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நெருங்கிய உறவினர் ஒருவர் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார்; நோயை விளக்கிய பிறகும், “கைதான் நடுங்கவில்லையே” என்றார். காலொடிந்து கட்டுப் போட்டவனிடம் யாரும் சான்று கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள். ஆகவே வீட்டாரை அடுத்த முறை மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் சொன்னால் சாக்காகத் தெரிவது, அவர் சொன்னால் நோயாகத் தெரியும்.

அடுத்தது மருந்து. மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் குறையை லெவோடோபா என்ற மருந்து ஈடுகட்டுகிறதே தவிர, நோயைக் குணப்படுத்துவதில்லை. இதைச் சொன்னவுடன் நான் மருந்துக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கிளம்புவார்கள். நான் மருத்துவன் அல்லன். என் அளவு உங்களுக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். ஆனால், சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலனிழந்துவிடும் என்று பயமுறுத்துவோரை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டு அதன் பலனைச் சேமித்துவைக்க முடியாது. புரதம் மிகுந்த உணவு அம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும் என்பதால் நான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே விழுங்கிவிடுகிறேன். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்; அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

என் நாளை இப்போது மாத்திரையின் வேளைதான் நடத்துகிறது. அதன் வீரியம் இருக்கும் நேரத்தில் குளியல், கையெழுத்து, வேக நடை எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறேன். வீரியம் இறங்கும் நேரத்தில் வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது இழுத்தால் விழுந்துவிடுவேன். நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, தரையில் கோடு ஒன்று கிடப்பதாக எண்ணி அதைத் தாண்டுகிறேன். பின்னாலிருந்து “சீக்கிரம்” என்று யாராவது சொன்னால் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது.

ஒன்றிலும் ஈடுபாடில்லாத சோர்வு வந்தால், நோய் வந்த கவலை என்று ஒதுக்கிவிடாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோயே அதைக் கொண்டுவரும். அதற்கும் சிகிச்சை உண்டு. எந்த வேளையில் உடல் இளகுகிறது, எப்போது இறுகுகிறது என்பதை நாள்தோறும் குறித்துவைத்து உடன் கொண்டுசெல்லுங்கள். எழுத்து சுருங்கிப் படிக்க முடியாமல் போனால், கோடு போட்ட தாளில் பெரிதாக எழுதுங்கள்; அல்லது வீட்டிலேயே அதிகம் நம்பாதவர் எவரோ அவரை எழுதச் சொல்லுங்கள்.