தாம்பரம் ரயிலில் வரைய ஒன்றும் தோன்றவில்லை என்றவருக்கு

வணக்கம். தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ரயிலில் போய்வந்தும் வரைய எதுவும் தோன்றவில்லை, மூன்று மாதமாக நோட்டு காலியாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் போனது.

முகங்களை விடுங்கள், கைகளைப் பாருங்கள். ரயிலில் உட்கார்ந்து பூக்கட்டும் ஓர் அம்மாவின் விரல்களைப் பார்த்துத்தான் எனக்குத் திரும்பக் கோடு வந்தது. இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அந்த இழுப்பை மட்டும் பத்துப் பதினைந்து முறை வரைந்தேன். வண்டி ஆடுவதால் கோடு கோணலாகும். அழிக்காதீர்கள், அந்த ஆட்டமும் படத்துக்கு வேண்டும்.

அப்புறம், நேரத்தை விசாரித்துவிட்டு அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள். நான் பெரிய அடிமரத்தைத் தேடிப் போனேன். அது 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது. மண்ணில் இறங்கிய விழுதுகள்தான் இப்போது தூண்தூணாக நின்று மரத்தைத் தாங்குகின்றன. அது தெரிந்த பிறகு விழுதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை மட்டுமே வரைந்து நான்கு பக்கம் நிரப்பினேன்.

நாளைக் காலை ஒரே ஒரு கை வரைந்து இங்கே போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.