மரியன்பாத் திரைக்கதையை எப்படி வாசிப்பது: கேள்வி பதில்

பிரெஞ்சு எழுத்தாளர் அலென் ராப்-கிரியே எழுதிய 'மரியன்பாதில் கடந்த ஆண்டு' திரைக்கதையை வாசித்துக்கொண்டிருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. அலென் ரெனே இயக்கிய அந்தப் படம் 1961-இல் வெளிவந்து, அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. திரைக்கதைப் புத்தகமும் அதே ஆண்டுதான் வந்தது.

புதிதாக வருபவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அலங்காரங்கள் நிறைந்த ஒரு பிரம்மாண்டமான ஓட்டல். அங்கே எக்ஸ் என்பவன் ஏ என்ற பெண்ணிடம் வருகிறான். "போன வருடம் நாம் சந்தித்தோம், காதலித்தோம், ஒரு வருடம் பொறுத்திருக்கச் சொன்னீர்கள், இப்போது என்னுடன் வாருங்கள்" என்கிறான். அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. எம் என்ற இன்னொருவர், அநேகமாக அவளுடைய கணவர், பக்கத்திலேயே இருக்கிறார்.

கேள்வி: முதலில் படமா, புத்தகமா?

புத்தகம். படத்தைப் பார்த்துவிட்டால் ஏ-ஆக நடித்த டெல்ஃபின் செரிக்கின் முகமும் அந்த ஆர்கன் இசையும் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து நிற்கும். ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு வாசியுங்கள்.

கேள்வி: பத்துப் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. தாழ்வாரம், கதவு, தூண், மறுபடியும் தாழ்வாரம். கதை எப்போதுதான் தொடங்கும்?

தொடங்கிவிட்டது. அந்தத் தாழ்வாரங்களைச் சொல்லிக்கொண்டே வருகிறதே ஒரு குரல், அதுதான் கதை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் தன் உலகத்துக்குள் இழுக்கிற குரல் அது. எக்ஸ் பிறகு அந்தப் பெண்ணிடம் செய்யப்போவதை முதல் சில பக்கங்களிலேயே நம்மிடம் செய்து பார்க்கிறார் ராப்-கிரியே. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குச் சலிப்பாக இருப்பது காதில் மந்திரம் போல் ஏறும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரும்பாலான திரைக்கதைகளை நாம் வசனத்துக்காக வாசிக்கிறோம், இடையில் உள்ள காட்சிக் குறிப்புகளைத் தாண்டிவிடுகிறோம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. கேமரா எந்தப் பக்கம் நகர்கிறது, யார் பாதி மறைந்து நிற்கிறார், எந்தச் சத்தம் எப்போது நிற்கிறது என்பதுவரை ராப்-கிரியே ஷாட் ஷாட்டாக எழுதியிருக்கிறார். அதனால் பென்சிலோடு உட்காருங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு குறி, காதில் விழுவதற்கு வேறு குறி. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் இடங்கள் வரும். குரல் ஒன்று சொல்லும், திரையில் அவள் வேறொன்று செய்வாள். படுக்கையறைக் காட்சிகளில் இது உச்சத்துக்குப் போகிறது. அவன் சொல்கிற கதைக்குள் நடக்க அவள் உருவமே மறுக்கிறது. அந்த முரண்களை மட்டும் தொகுத்துப் பார்த்தாலே நாடகம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: ஏன் வெறும் எழுத்துகள்? பெயர் வைத்தால் என்ன?

பெயர் வைத்தால் ஊர், குடும்பம், கடந்த காலம் எல்லாம் கூடவே வந்துவிடும். இவர்களுக்கு அதுவெல்லாம் கிடையாது. படத்தில் இந்த எழுத்துகள் ஒரு தடவைகூட உச்சரிக்கப்படுவதில்லை. வாசிப்பவருக்கு மட்டுமே அவை தெரியும்.

கேள்வி: தோட்டத்தில் உள்ள சிலைக்கு என்ன அர்த்தம்? எங்கே தேடினாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் மறுபடி வாசிக்க முடியும் என்றால், நான் சிலைப் பகுதியைத்தான் எடுப்பேன்.

பழங்கால உடையில் ஒரு ஆணும் பெண்ணும், கூடவே ஒரு நாய். அவன் கை நீட்டியிருக்கிறான். எக்ஸ் சொல்வது இது: அந்த ஆண் ஏதோ ஆபத்தைப் பார்த்துவிட்டான், அவள் மேலே போகாதபடி தடுக்கிறான். அவள் மறுக்கிறாள்: இல்லை, பார்த்தது அந்தப் பெண்தான், அதுவும் ஆபத்தை அல்ல, அற்புதமான எதையோ, அதை அவனுக்குக் காட்டுகிறாள். அவன் உடனே இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறான். இருவரும் நாட்டைவிட்டுக் கிளம்பி நாள்கணக்காக நடந்து ஒரு மலை விளிம்புக்கு வந்திருக்கிறார்கள், அவள் விழாமல் அவன் தடுக்கிறான், அவள் தூரத்தில் தெரியும் கடலைக் காட்டுகிறாள். அவர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சு வரும்போது, அது நீங்களும் நானுமாகவே இருக்கலாமே என்கிறான்.

பிறகு எம் வருகிறார். அமைதியாக விளக்குகிறார்: அது மூன்றாம் சார்லஸும் மனைவியும், துரோக வழக்கின்போது சபை முன் சத்தியம் செய்யும் காட்சி, உடை மட்டும் வழக்கப்படி பழங்காலத்தது.

இதில் எது சரி என்று தேடினால் சிலையையே தவறவிடுவோம். ஒவ்வொருவரும் எதற்காக அந்த அர்த்தத்தைச் சொல்கிறார் என்று பாருங்கள். எக்ஸின் விளக்கம் ஒரு காதல் கோரிக்கை. அவள் சொன்னதைக்கூடத் தன் கதைக்குள் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது. நாட்டைவிட்டுக் கிளம்பிய ஜோடி என்கிறானே, அது அவளைத் தன்னோடு கிளம்பச் சொல்கிற பேச்சு. அவளுடைய விளக்கத்தில் பார்க்கிறவளும் காட்டுகிறவளும் பெண்தான். எம்மின் விளக்கமோ கதவைச் சாத்துகிறது: இது சரித்திரம், இதில் உங்களுக்கு இடமில்லை. போதாததற்கு, அவர் எடுக்கும் சரித்திரத்தில் சத்தியமும் துரோகமும் இருக்கின்றன! கல் ஒன்றுதான், அதை வைத்து மூன்று பேர் மூன்று விதமாக மோதிக்கொள்கிறார்கள். உடைந்த கண்ணாடி டம்ளர், புகைப்படம் என்று இந்தத் திரைக்கதையில் வரும் எந்தக் குறியீட்டையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அதை இப்போது யார் கையில் எடுக்கிறார், எதற்காக என்று கேட்டுக்கொள்வேன்.

கேள்வி: அவர்கள் உண்மையிலேயே போன வருடம் சந்தித்தார்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தையில் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

திரைக்கதை முழுக்க நிகழ்காலத்தில் எழுதப்பட்டது. இப்போது நடப்பது, நினைவுக்கு வருவது, கற்பனை செய்வது, பொய், பயம் எல்லாம் ஒரே காலத்தில், ஒரே தொனியில், 'நிற்கிறாள், திரும்புகிறாள்' என்றே வரும். திரைப் பிம்பத்துக்கு நிகழ்காலம் மட்டுமே உண்டு என்பது ராப்-கிரியேயின் பிடிவாதமான நம்பிக்கை, முன்னுரையிலேயே விளக்கியிருக்கிறார். வழக்கமான படங்களில் ஃப்ளாஷ்பேக் என்றால் ஏதாவது அடையாளம் கொடுப்பார்கள். இங்கே அந்த அடையாளம் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருக்கிறது. ஊர்கூட உறுதியில்லை. மரியன்பாதாக இருக்கலாம், ஃப்ரெடரிக்ஸ்பாதாக இருக்கலாம், இதே கூடமாகக்கூட இருக்கலாம் என்று எக்ஸே அடுக்குகிறான்.

அப்புறம் அந்தத் துப்பாக்கிக் காட்சி. எம் அவளைச் சுடுகிறார், அவள் விழுந்து கிடக்கிறாள். உடனே எக்ஸின் குரல், இது சரியான முடிவு இல்லை, நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று அதை நிராகரிக்கிறது. நடந்ததை நினைவுகூர்கிறவன் இப்படிப் பேசமாட்டான், கதை எழுதுகிறவன்தான் பேசுவான். என் வாசிப்பில், அந்தப் 'போன வருடம்' அவன் பேசப் பேசத்தான் உருவாகிறது. அவள் அதை ஏற்றுக்கொள்ளும் நொடியில் அது நடந்ததாகிவிடுகிறது. வேறு விதமாக வாசிப்பவர்களுக்கும் இந்தப் புத்தகத்தில் இடம் உண்டு.

கேள்வி: எனக்கு இது காதல் கதையாகவே தெரியவில்லை. ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், ஒருவன் விடாமல் துரத்துகிறான். இதில் என்ன அழகு?

உங்கள் சங்கடம் நியாயமானது. வாசிக்கும்போது அதை ஓரமாக வைக்காதீர்கள்.

புத்தகமும் படமும் பெரிதாகப் பிரியும் இடமும் இதுதான். ராப்-கிரியே எழுதியதில் எக்ஸ் அவளை வன்புணர்வு செய்யும் காட்சி வெளிப்படையாகவே இருக்கிறது. ரெனே அதைப் படமாக்கவில்லை. அதற்குப் பதிலாக, வெளிச்சத்தில் வெளுத்துப்போன ஷாட்டில் கேமரா அவளை நோக்கி விரைகிறது, அவள் கைகளை விரித்து வரவேற்கிறாள், அதே அசைவு மறுபடி மறுபடி வருகிறது. மற்றபடி எழுத்தை மிக நெருக்கமாகப் பின்பற்றிய இயக்குநர், இந்த இடத்தில் மறுத்திருக்கிறார். எனக்கு ரெனேயின் முடிவுதான் சரி. எழுதப்பட்ட காட்சி அவளைப் பேச்சற்றவளாக்கிவிடுகிறது. அதுவரை அவளுடைய மறுப்புக்கு இருந்த வலிமை, அந்த 'நானில்லை, நீங்கள் தவறாக நினைக்கிறீர்கள்' என்ற எதிர்ப்பு, அங்கே வீணாகிறது. படத்தில் அவளுக்கென்று ஒரு ஆசை இருக்கலாம் என்ற கேள்வியாவது மிச்சமிருக்கிறது. அதுவும் அவன் கற்பனைதானா என்ற சந்தேகத்தோடு.

ஒரு தடவை முழுக்க அவள் பக்கம் நின்று வாசியுங்கள். அவள் வசனங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவள் மறுப்பு எங்கே இளகுகிறது, எங்கே பயமாக மாறுகிறது, எங்கே வெறும் களைப்பாகிறது என்பதெல்லாம் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. கடைசியில் அவள் கிளம்புவது காதலாலா, தோற்றுப்போனதாலா என்று அப்போது உங்களுக்கே ஒரு கருத்து உருவாகும்.

கேள்வி: மரியன்பாதில்தான் எடுத்தார்களா?

இல்லை. மரியன்பாத் செக் நாட்டில் உள்ள ஊற்று நீர் ஊர். படத்தில் தெரியும் அரண்மனைகளும் தோட்டங்களும் பெரும்பாலும் ஜெர்மனியில் மியூனிக்கிலும் அதன் அருகிலும் உள்ளவை: நிம்ஃபன்பர்க், ஷ்லைஸ்ஹைம்.

கேள்வி: ஓட்டலில் எம் மற்றவர்களோடு ஆடும் தீக்குச்சி விளையாட்டில் அவர் எப்படி எப்போதும் ஜெயிக்கிறார்?

அது நிம் என்ற பழைய கணித விளையாட்டு. 7, 5, 3, 1 என்று நான்கு வரிசை, மொத்தம் 16 குச்சிகள். ஒரு முறைக்கு ஒரே வரிசையிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றார். இந்த அடுக்கில், வழி தெரிந்தவர் இரண்டாவதாக ஆடினால் தோற்கவே மாட்டார். "தோற்க முடியாது என்றால் அது விளையாட்டே இல்லை" என்பான் எக்ஸ். "தோற்க முடியும், ஆனால் எப்போதும் ஜெயிக்கிறேன்" என்பார் எம். அந்த மனிதர் கடைசியில் தோற்கும் ஒரே ஆட்டம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலத்தில் வாசித்தால் போதுமா?

போதும். ரிச்சர்ட் ஹோவர்டின் மொழிபெயர்ப்பு 1962-இல் குரோவ் பிரஸ் வெளியிட்டது. ராப்-கிரியேயின் முன்னுரையும் அதில் இருக்கிறது. ஆனால் முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள், இல்லாவிட்டால் அவர் சொன்னதைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: இதற்குப் பிறகு எதை வாசிக்கலாம்?

'ஹிரோஷிமா என் காதலே'. இதுவும் ரெனே இயக்கியதுதான், 1959. மார்கெரித் த்யூராஸின் திரைக்கதை மறு ஆண்டு புத்தகமானது. இதிலும் காதலர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் ராப்-கிரியே எல்லாவற்றையும் வெளியிலிருந்து பார்க்கிறார், த்யூராஸ் அந்தப் பெண்ணின் காயத்துக்குள்ளிருந்து பேசுகிறார். படத்தில் வராத பகுதிகளையும் அவர் புத்தகத்தில் விட்டுவைத்திருக்கிறார். பிரான்ஸில் உள்ள நெவெர் ஊரில் அவளுக்கு நடந்ததைப் பற்றிய பின்னிணைப்புகளைத் தவறவிடாதீர்கள். மரியன்பாத் மிகவும் குளிராக இருந்தது என்று சொன்னவர்கள் முதலில் அந்தப் பின்னிணைப்பிலிருந்தே தொடங்கலாம்.